புதுப்பிப்பு: குற்றாலம் லாட்ஜில் அறைகளின் நெட்வொர்க்கைப் பிரித்தாயிற்று

ஒரு அறையில் லேப்டாப்பைச் செருகினால் பக்கத்து அறைக்காரரின் ஃபோல்டர்கள் தெரிகின்றன, எப்படித் தடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். சாரல் சீசனுக்கு முன்பே சரியாகிவிட்டது.

பலர் சொன்ன புரொடெக்டட் போர்ட் (போர்ட்டுகள் தங்களுக்குள் பேசாதபடி தடுக்கும் வசதி) ஒரே நெட்வொர்க் சுவிட்சுக்குள் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கீழ்மாடியிலிருந்து மேல்மாடி அறைக்கு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. அந்தத் தடுப்பு அந்தந்த சுவிட்சோடு சரி. அடுத்த சுவிட்சுக்குப் போகும் அப்லிங்க்கைத் தாண்டினால் செல்லாது.

அதனால் பிரைவேட் விலான்தான்; ஒரே நெட்வொர்க்கை உள்ளுக்குள் எண் போட்ட பிரிவுகளாக்கும் முறை. பொதுவான பிரைமரி 100, அறைகளுக்கு ஐசொலேட்டட் (தங்களுக்குள் பேச முடியாது) 101, ரிசப்ஷன் கணினிக்கும் பிரிண்டருக்கும் கம்யூனிட்டி (தங்களுக்குள் பேசலாம்) 102. ரவுட்டர் போர்ட் மட்டும் புரோமிஸ்குவஸ் (எல்லோரோடும் பேசலாம்). சுவிட்சுகளுக்கு நடுவே பல விலான்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பில் மூன்றையும் அனுமதிக்க வேண்டும். அறையிலிருந்து கிளம்புவது 101-இல் போகும், ரவுட்டரிலிருந்து திரும்புவது 100-இல் வரும்; இந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் மேல்மாடிக்கு இணையம் வராது.

அப்புறம் முக்கியமான ஒன்று. இதெல்லாம் லேயர் 2, அதாவது சுவிட்ச் அளவிலான தடுப்புதான். ரவுட்டர் வழியாகச் சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போகலாம். அதே சப்நெட்டுக்குள் (ஒரே ஐபி முகவரித் தொகுதிக்குள்) திரும்பும் போக்குவரத்தை ரவுட்டரில் ஏசிஎல் (எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல்) போட்டு அடைத்தோம். தென்காசிப் பக்கம் லாட்ஜ் வேலை எடுப்பவர்கள் தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். வைஃபைக்கு ஆக்சஸ் பாயிண்டில் கிளையன்ட் ஐசொலேஷனை (வைஃபை சாதனங்கள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுக்கும் வசதி) தனியாக இயக்க வேண்டும்.