ரிசார்ட்டில் நடந்த எங்கள் வீட்டுத் திருமணம்: அறைக் கணக்கும் மாலை வெயிலும்

மணமகளின் அக்கா எழுதுவது

என் தங்கையின் திருமணத்தை ஒரு கடற்கரை ரிசார்ட்டில் நடத்துவதென்று இரு வீட்டாரும் முடிவு செய்தபோது, ஏற்பாடுகளைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. உறவினர்கள் வெவ்வேறு ஊர்களில் சிதறியிருந்ததால், எல்லோரும் ஓரிடத்தில் இரண்டு இரவுகள் தங்கி அவசரமில்லாமல் பேசிப் பழக வேண்டும் என்பதே எங்கள் விருப்பமாக இருந்தது. அந்த விருப்பம் நிறைவேறியது என்பதை முதலிலேயே மனநிறைவோடு சொல்லிவிடுகிறேன். அலங்காரத்துக்கும் உணவுக்கும் நாங்கள் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது ஒப்பந்தத்தைப் படிப்பதற்கும், திருமணம் நடக்கும் அதே நேரத்தில் அந்த இடத்தில் போய் நின்று பார்ப்பதற்கும் ஒதுக்கியிருந்தால் பல சங்கடங்கள் நேர்ந்திருக்காது. இதே ஏற்பாட்டில் இறங்கியிருப்பவர்களுக்கு உதவக்கூடும் என்பதால் நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களுக்கு மிகுந்த கவலையைத் தந்தது அறைக் கணக்கு. நாங்கள் 60 அறைகளை இரண்டு இரவுகளுக்கு மொத்தமாகப் பிடித்து வைத்தோம்; ரிசார்ட்டின் கணக்கில் அது 120 அறை இரவுகள். அதில் குறைந்தது 80 விழுக்காட்டையாவது, அதாவது 96 அறை இரவுகளையாவது, நாங்கள் நிரப்ப வேண்டும் என்றும், குறைந்தால் அந்தக் குறைவுக்கான வாடகையை நாங்களே கட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் இருந்தது. அழைத்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் நான் அந்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் கையெழுத்திட்டேன். தொலைவில் நடக்கும் திருமணத்துக்கு வருபவர் விடுமுறை எடுக்க வேண்டும், பயணச் சீட்டு வாங்க வேண்டும், வீட்டில் இருக்கும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வழி செய்ய வேண்டும். உள்ளூர்த் திருமணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நமக்கு இருக்கும் கணிப்பு இங்கே செல்லாது. நாங்கள் அழைத்தது 180 பேரை. வந்தது 124 பேர்.

அதைவிட எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் விருந்தினர்களில் 11 குடும்பத்தினர், எங்களுக்குச் சிரமம் தரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், இணையத்தில் வாடகை சற்றுக் குறைவாக இருந்த ஒரு முன்பதிவுத் தளத்தின் வழியாகத் தாங்களே அறை எடுத்திருந்தார்கள். ரிசார்ட்டின் பதிவேட்டில் அவர்கள் எங்கள் திருமணத்துக்கு வந்தவர்களாக இல்லை. பொதுவான பயணிகளாகவே இருந்தார்கள். எங்கள் பெயரில் நிரம்பியது 78 அறை இரவுகள் மட்டுமே என்று கணக்குத் தாள் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த 11 அறைகளின் 22 இரவுகளையும் சேர்த்தால் 100 ஆகிவிடும்; கட்ட வேண்டிய இழப்பே இருக்காது. விருந்தினர் பட்டியலையும் அவர்களுடைய பதிவு எண்களையும் ஒவ்வொன்றாகத் திரட்டிக் கொடுத்த பிறகு மேலாளர் அதை ஏற்றுக்கொண்டார். அது அவருடைய நல்ல மனம். ஒப்பந்தப்படி அவர் மறுத்திருக்கலாம். பின்னர் என் சித்தி மகன் தன் திருமணத்துக்கு வேறொரு ரிசார்ட்டுடன் ஒப்பந்தம் செய்தபோது, எந்த வழியில் பதிவு செய்திருந்தாலும் எங்கள் பட்டியலில் உள்ள விருந்தினர் தங்கும் அறை எங்கள் கணக்கில் சேரும் என்ற வரியைக் கேட்டு எழுதி வாங்கினோம். திருமணத்துக்கு 90 நாள் முன்பும் 60 நாள் முன்பும் குறிப்பிட்ட அளவு அறைகளைத் தண்டம் இல்லாமல் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்தோம். கேட்டவுடன் அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். நாங்கள் முதல் முறை கேட்கவே இல்லை.

அடுத்தது இடம் பார்த்தது. நாங்கள் ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை 11 மணிக்குப் போனோம். திருமணமோ டிசம்பரில் மாலை 5 மணிக்கு. மேற்கு நோக்கிய கடற்கரை, பின்னணியில் கடல், இரண்டு பாறைகளுக்கு நடுவே சூரியன் இறங்கும் படம் ஒன்றை ரிசார்ட் அலுவலகத்தில் காட்டினார்கள். மணமேடை அந்தப் பாறைகளுக்கு நேராக அமையும் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டோம். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே புள்ளியில் மறைவதில்லை என்பது பள்ளியில் படித்ததுதான். ஜூனில் அது மேற்குக்கு வடக்கே மறையும், டிசம்பரில் மேற்குக்குத் தெற்கே மறையும், நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில்கூட இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 47 பாகை வேறுபாடு இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு, படம் எடுக்க வரவிருந்தவர் கைபேசிச் செயலியில் அந்த நாளின் சூரியப் பாதையைப் பார்த்துவிட்டு, சூரியன் பாறைகளுக்கு நடுவே இறங்காது, இடப்புறம் இருக்கும் மரத்தோப்புக்குப் பின்னால் போய்விடும் என்று எடுத்துச் சொன்னார். அதோடு, மேடையைக் கடல் பக்கம் வைத்தால் விருந்தினர் எல்லோரும் முக்கால் மணி நேரம் எதிர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். மேடையை வடக்குப் பக்கம் மாற்றினோம். வெயில் பக்கவாட்டில் விழுந்தது, பெரியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்தார்கள், படங்களும் அழகாக வந்தன.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் நிலத்தின் மேலுள்ள காற்று உயர்கிறது, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசுகிறது. பிற்பகலில் வலுவாக இருக்கும் அந்தக் கடற்காற்று சூரியன் மறையும் வேளையில்தான் தணியத் தொடங்கும். காலை 11 மணிக்கு நாங்கள் உணர்ந்த மென்காற்றை வைத்து மாலைக் காற்றைக் கணித்தது தவறு. ஒத்திகை நாளில் பூ வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதன் கால்களில் மணல் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. காற்றும் அலையும் சேர்ந்து எழுப்பும் ஒலியில் பின்வரிசைக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஒலிவாங்கிகளுக்குப் பஞ்சு உறை போட்டு, இருக்கைகளின் நடுவிலும் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்த பிறகே நிலைமை சரியானது.

முழுநிலவு நாள் என்பதால் அந்தத் தேதியை ஆசையோடு தேர்ந்தெடுத்திருந்தோம். முழுநிலவு நாளையும் அமாவாசையையும் ஒட்டி ஓதம் வழக்கத்தைவிட உயரமாக ஏறும் என்பதை, ஒத்திகை மாலையில் 5 மணிக்கு நீர் முதல் வரிசை இருக்கைகள் வரை வந்தபோதுதான் தெரிந்துகொண்டோம். அங்கு தோட்ட வேலை பார்க்கும் ஒரு பெரியவர், மறுநாள் இதே உயரம் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும் என்று எங்களிடம் பொறுமையாக விளக்கினார். அதாவது சடங்கு முடியும் தறுவாயில் நீர் மேடையைத் தொட்டிருக்கும். அன்றிரவே மேடையைப் புல்வெளிக்கு உயர்த்தினோம். ஓத அட்டவணை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணித்து வெளியிடப்படுகிறது. தேதி குறிக்கும் நாளிலேயே அதைப் பார்த்திருக்கலாம். அந்தப் பெரியவர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் என் தங்கை நினைத்துப் பார்ப்பதுண்டு.

மழை வந்தால் மாற்று அரங்கம் உண்டு என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். மழை வரவில்லை. ஆனால் அதே அரங்கத்தில் அன்று வேறொரு நிறுவனத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வேறொரு திருமணத்தின் மணமகன் எழுதுவது

மேலே எழுதியவரின் அறைக் கணக்கைப் படித்தபோது எங்கள் ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. எங்கள் திருமணம் 2020 ஏப்ரலில் ஒரு மலை ரிசார்ட்டில் நடப்பதாக இருந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட் பரவலைப் பெருந்தொற்று என்று அறிவித்தபோது, எங்கள் கையில் முழு முன்பணமும் கட்டிய ரசீது இருந்தது. யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாத காரணத்தால் நிகழ்ச்சி நடக்காமல் போனால் என்ன செய்வது என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தது. அதில் நிலநடுக்கம், வெள்ளம், தீ, கலவரம் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருந்தன. தொற்றுநோய் என்ற சொல் மட்டும் இல்லை. பணம் திரும்பத் தரப்படுமா, தேதி மட்டும் மாற்றித் தரப்படுமா, மாற்றினால் புதிய தேதிக்கு அன்றைய வாடகையா பழைய வாடகையா என்பதற்கும் அதில் விடை இல்லை. ஆறு வாரங்கள் கடிதப் போக்குவரத்து நடந்தது. என் அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் அச்செடுத்து ஒரு கோப்பில் வைத்தார். கடைசியில் தேதியை மாற்றிக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு அந்தக் கோப்பே காரணம் என்று நான் நம்புகிறேன். முன்பணத்தைத் தவணையாகப் பிரித்து, திருமண நாள் நெருங்க நெருங்கக் கட்டும்படி ஒப்பந்தம் செய்திருந்தால், எங்கள் பக்கம் பேசுவதற்குக் கொஞ்சமேனும் வலு இருந்திருக்கும்.

ஓராண்டுக்கும் மேல் காத்திருந்து மணம் முடித்தபோது, சட்டப் பதிவை ரிசார்ட்டோடு கலக்காமல் வைத்துக்கொண்டோம். முதலில் எங்கள் திட்டம் வெளிநாட்டில் இருந்தது என்பதால் நான் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். வேறொரு நாட்டில் செய்த திருமணப் பதிவு நம் நாட்டு அலுவலகங்களில் செல்ல வேண்டுமானால் சான்றிதழுக்கு அபோஸ்டில் முத்திரை, அதாவது அந்த ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு தரும் சான்று, தேவைப்படலாம். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே அந்த முத்திரை பொதுவாகப் போதுமானது. சேராத நாடாக இருந்தால் தூதரகம் வழியாகச் சான்றொப்பம் பெறும் நீண்ட வழிதான். சில நாடுகளில் மணமக்கள் குறிப்பிட்ட நாட்கள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இவற்றையெல்லாம் விசாரித்த பிறகு, சட்டப்படியான பதிவை வசிக்கும் ஊரிலேயே அமைதியாக முடித்துவிட்டு, ரிசார்ட்டில் சடங்கையும் விருந்தையும் மட்டும் வைத்துக்கொண்டோம். இதனால் சடங்கின் மதிப்பு குறைந்துவிடும் என்று என் அத்தை வருந்தினார். சடங்கு நாளன்று அவர்தான் முதலில் கண்கலங்கினார்.

விருந்தினராகச் சென்ற ஒருவர் எழுதுவது

நான் எந்தத் திருமணத்தையும் ஏற்பாடு செய்தவன் அல்லன். சக்கர நாற்காலியில் இருக்கும் என் பாட்டியை ஒரு ரிசார்ட் திருமணத்துக்கு அழைத்துச் சென்றவன். மணமக்கள் அன்போடு வந்து அழைத்தார்கள், பாட்டியும் பல வாரங்கள் அந்த நாளை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்த பேருந்து காலை 10.30 மணிக்குச் சேர்ந்தது. அறை தருவது பிற்பகல் 3 மணிக்கு. நான்கரை மணி நேரம் வரவேற்புக் கூடத்தில் காத்திருந்தோம். இளையவர்கள் நீச்சல் குளத்துக்கும் தோட்டத்துக்கும் போய்விட்டார்கள். படுத்து ஓய்வெடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு சாய்வு இருக்கைகூடக் கிடைக்கவில்லை. இரண்டு அறைகளை மட்டும் முந்தைய இரவிலிருந்தே எடுத்து வைத்திருந்தால், வயதானவர்கள் நால்வரும் மாறி மாறி அங்கே ஓய்வெடுத்திருப்பார்கள்.

சடங்கு நடந்த இடம் சரிவின் கீழே இருந்தது. பேட்டரி வண்டிகள் மூன்று. விருந்தினர் நூற்றுக்கு மேல். வண்டி இறக்கிவிடும் இடத்திலிருந்து மேடைக்கு 22 படிகள். பக்கத்தில் சாய்தளம் ஒன்று இருந்தது. ஆனால் அது சாமான்களைத் தள்ளிச் செல்வதற்காகச் செங்குத்தாகக் கட்டப்பட்டது. சக்கர நாற்காலி பாதுகாப்பாக ஏறி இறங்க, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது சரிவு இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. இதை இடம் பார்க்கப் போகிறவர்கள் ஓர் அளவு நாடாவைக் கொண்டே சோதித்துவிடலாம். நானும் மணமகனின் மாமாவும் ரிசார்ட் ஊழியர் இருவரும் சேர்ந்து பாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினோம். அந்த 22 படிகளிலும் அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார்.

திரும்பி வந்ததும் மணமகளிடம் இதைச் சொல்லலாமா என்று நெடுநேரம் தயங்கினேன், பிறகு சொன்னேன். அவர் வருந்தினார், அதோடு நில்லாமல், அடுத்த ஆண்டு நடக்கவிருந்த தன் தம்பி திருமணத்துக்கு இடம் பார்க்கப் போகும் நாளில் பாட்டியையும் கூட அழைத்துப் போக விரும்புவதாகச் சொன்னார். அப்படியே அழைத்தும் போனார். மூன்று ரிசார்ட்டுகளின் வாசலில் பாட்டி நாற்காலியில் இருந்தபடியே வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டார். நான்காவது இடத்தில் மேடை வரை யாருடைய உதவியும் இல்லாமல் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். அங்கேதான் திருமணம் நடந்தது.