அம்மாவை அழ வைக்கும் மகுடச் சத்தம்: நிறுத்துவதா, தொடர்வதா?

முக்கூடல் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு இப்போது 78 வயது. முக்கூடலுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, பத்து வயதில் பீடி சுற்ற உட்கார்ந்து, அறுபது வயது வரை பீடி சுற்றும் சுளகை (முறத்தை) மடியிலிருந்து இறக்காதவர். மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அப்பா காலமான பிறகு பாளையங்கோட்டையில் என் வீட்டில்தான் இருக்கிறார். என்னைச் சில நாள் மகளாகவும் சில நாள் தன் மதினியாகவும் எண்ணிப் பேசுகிறார். மாலை நான்கு மணி ஆகிவிட்டால், "வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

இசை மனத்தை அமைதிப்படுத்தும் என்று பலரும் சொன்னதால், புல்லாங்குழலும் வீணையும் ஓடும் நீரின் ஓசையும் கலந்த பதிவுகளைக் கைபேசியில் போட்டுப் பார்த்தேன். "அதை அமத்து" என்பதோடு சரி.

போன வைகாசியில் எங்கள் தெருமுனை அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில், மகுடம் என்னும் தோல்பறையை அடித்துக் கதை பாடி ஆடும் கணியான் கூத்து வைத்திருந்தார்கள். நள்ளிரவில் மகுடம் அதிரத் தொடங்கியதும், படுத்திருந்த அம்மா தானாகவே எழுந்து, கால்களை மடக்கி உட்கார்ந்து, தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தார். கோயிலில் பெண்கள் குலவையிட்டபோது, வீட்டுக்குள் இருந்தபடியே இவரும் குலவையிட்டார். பல மாதங்களாக நான்கு சொற்களுக்கு மேல் கோத்துப் பேசாதவர், நாற்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன தங்கையைப் பெயர் சொல்லி அழைத்து, இருவரும் கொடை பார்க்கப் போன இரவையும், அங்கே தங்கை தொலைத்த சிவப்பு ரிப்பனையும், அதற்காக இவர் வாங்கிய அடியையும் ஒழுங்காகச் சொன்னார். பிறகு அரைமணி நேரம் அழுதார். அதன்பின் கஞ்சி கேட்டுக் குடித்துவிட்டு விடியும் வரை தூங்கினார்.

அந்தக் கூத்தைக் கொஞ்சம் பதிவு செய்து வைத்திருக்கிறேன். போடும்போதெல்லாம் பேச்சும் வருகிறது, அழுகையும் வருகிறது. "செத்தவளை நினைத்து அழ வைப்பது என்ன வைத்தியம்?" என்று அண்ணன் கோபிக்கிறார். இதைத் தொடரலாமா? வேறு பாட்டுகளை எப்படித் தேடுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி

தங்கச்சி, புல்லாங்குழல் பலிக்காமல் மகுடம் பலித்ததில் எனக்கு வியப்பே இல்லை. புல்லாங்குழலோடு உங்கள் அம்மாவின் வாழ்க்கையில் எந்த இரவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

ஏறக்குறைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நடந்தவைதான் முதுமையில் மற்றக் காலத்து நினைவுகளைவிட அடர்த்தியாக மிஞ்சுகின்றன என்பது நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் செய்தி. அந்த வயதில் காதில் விழுந்த பாட்டுக்கும் அதே வலிமை உண்டு. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெட்ர் ஜனாட்டா என்பவர், இளைஞர்கள் எட்டு முதல் பதினெட்டு வயதுக்குள் கேட்டிருக்கக்கூடிய பாட்டுகளை அவர்களுக்கே போட்டுக் காட்டி, அப்போது மூளையில் என்ன நடக்கிறது என்று படமெடுத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார். நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டை ஒட்டியுள்ள பகுதியில் பாட்டும் சொந்த நினைவும் அதனோடு வந்த உணர்ச்சியும் ஒன்றாகச் சேர்கின்றன என்பது அவர் கண்டது. மறதி நோயின் ஒரு வகையான ஆல்சைமரில் அந்தப் பகுதி மற்ற சில பகுதிகளைவிடத் தாமதமாகவே தேய்கிறது. காலையில் சாப்பிட்டது மறந்த ஒருவர் ஒரு பாட்டை அடி பிசகாமல் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, மறதி குணமாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். பாட்டு நோயைத் திருப்பாது. மனச்சோர்வும் பதற்றமும் குறையலாம், அந்த அரைமணி நேரத்துக்கு அவர் அவராகவே இருக்கலாம், அவ்வளவுதான். அதுவும் சிறிதன்று என்று, இந்த நோயாளிகளோடு பல ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

செய்முறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் காதைப் பரிசோதித்து விடுங்கள். அழுக்கு அடைத்த காதோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு எந்தப் பாட்டும் இரைச்சல்தான். நான்கு மணிக்கு அவர் வாசலுக்கு வருகிறார் என்றால், மூன்றரைக்கே பாட்டைத் தொடங்குங்கள். பதற்றம் ஏறிய பிறகு போடுவதில் பெரிய பயன் இருக்காது. இருபது நிமிடம் போதும், ஒலியையும் குறைத்து வையுங்கள். நடுவில் விளம்பரம் வரும் எதையும் தவிர்த்துவிடுங்கள், திடீரென்று அலறும் ஒரு சோப்பு விளம்பரம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முக்கியமாக, "இது என்ன பாட்டு, யார் பாடினது, சொல்லுங்க பார்ப்போம்" என்று தேர்வு வைக்காதீர்கள். பிள்ளைகள் பாசத்தில் செய்கிற இந்தக் காரியத்தால் முகம் சுருங்கிப்போன எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடாமல் பக்கத்தில் உட்காருங்கள்.

அழுகையைப் பற்றி ஒன்று. அழுத பிறகு என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். கஞ்சி குடித்துத் தூங்கினார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆலங்குளத்துக்காரன்

செவிலி அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் அம்மா, சித்தி, இரண்டு அக்காமார் எல்லோரும் பீடி சுற்றினார்கள். திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, நடுவில் மர்பி ரேடியோ இருக்கும். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் பக்கத்தில் உள்ளூர் நிலையம் போலவே கேட்கும். காலையில் "பொங்கும் பூம்புனல்" வந்துவிட்டால் பேச்சு நின்று கை மட்டும் ஓடும். எத்தனை பாட்டுக்கு எத்தனை பீடி என்று சித்தி கணக்கே வைத்திருந்தார். அவருக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பாட்டுகளை அவர்கள் சும்மா உட்கார்ந்து கேட்டவர்கள் அல்லர், இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் கட்டிக்கொண்டே கேட்டவர்கள். சித்திக்குக் கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியபோது, வெறும் பாட்டுக்கு அவர் பாதிதான் அசைந்தார். ஒரு நாள் என் மனைவி பழைய சுளகில் கொஞ்சம் வெட்டிய காகிதத்தையும் நூலையும் வைத்து மடியில் கொடுத்துப் பாட்டைப் போட்டார். கை தானாக ஓட ஆரம்பித்தது, கையின் பின்னாலேயே வாயும் பாடியது. பீடித்தூளை மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்த நெடி வேண்டாம்.

வேறு பாட்டுகளை எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் அம்மா வயதில் அவரோடு வட்டத்தில் உட்கார்ந்த பெண்கள் யாராவது ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களைத் தேடிப் போங்கள். கைபேசியில் நூறு பாட்டுகள் தேடுவதைவிட அது சுருக்கமான வழி. உங்கள் குலதெய்வச் சாஸ்தா எங்கே இருக்கிறார், பங்குனி உத்திரத்துக்கு எந்த ஊருக்குப் போவீர்கள், அங்கே வில்லுப்பாட்டில் எந்தக் கதை பாடுவார்கள் என்பதையும் அண்ணனிடம் கேளுங்கள். கோபமாக இருக்கிறவருக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

நாயனக்காரர் பேரன்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். இந்த ராகம் இரத்த அழுத்தத்துக்கு, அந்த ராகம் தூக்கத்துக்கு என்று வாட்ஸப்பில் சுற்றும் பட்டியல்களை யாரும் இங்கே கொண்டுவராததற்கு முதலில் நன்றி. எங்கள் தாத்தா நாதசுர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர். 1962-இல் வந்த ஒரு திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சியார் வாசித்த பாட்டை ஒலிபெருக்கியில் போடாத கல்யாணம் அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் அபூர்வம். ராகம் ஆபேரி. கேட்ட பலருக்கும் அது கல்யாண வீட்டின் மகிழ்ச்சி. எங்கள் தெருவில் ஓர் அம்மாளுக்கோ, கல்யாணமாகி ஓராண்டுக்குள் கணவனை இழந்தவர் என்பதால், அது ஒலித்தால் பந்தலை விட்டு எழுந்து போய்விடுவார். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அப்படித்தான் போனார். ராகம் மாறவில்லையே.

ஆகையால் உங்கள் அண்ணன் சொல்வதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். அழுகை வந்து ஓய்ந்தால் சரி. அழுதவர் அன்று முழுதும் சாப்பிடாமல் முடங்கினாலோ, இல்லாதவரைத் தேடி வெளியே போக முயன்றாலோ அந்தப் பாட்டைக் கைவிட்டுவிட்டு மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். இன்னொன்று: மகுடத்தில் உயர்ந்த ஒலி தரும் உச்சம், தாழ்ந்த ஒலி தரும் மந்தம் என்று இரண்டு உண்டு, கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மந்தத்தின் அடி ஏறக்குறைய கேட்கவே கேட்காது. கொஞ்சம் பெரிய பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

முக்கூடல் மகள்

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காதில் உண்மையாகவே அழுக்கு அடைத்திருந்தது. எடுத்த பிறகு தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்கச் சொல்கிறார்.

ஆலங்குளத்து அண்ணாச்சி சொன்னபடி ஊருக்குப் போய், அம்மாவோடு பீடி சுற்றிய ஓர் ஆச்சியைக் கண்டுபிடித்து, அண்ணனே காரில் அழைத்து வந்தார். அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "யாரு இது, தண்ணி குடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். சுளகையும் காகிதத்தையும் வைத்துவிட்டு, ஆச்சி வானொலிக் காலத்துப் பாட்டு ஒன்றை மெல்ல எடுத்தார். இரண்டாவது அடியில் ஒரு சொல்லை மாற்றிப் பாடிவிட்டார் போலிருக்கிறது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "நீ எப்பவும் இங்கதான் தப்பா பாடுவ" என்றார். பிறகு இருவருமாக முழுவதும் பாடினார்கள்.

நான்கு மணிக்குக் கதவடியில் நிற்பது நின்றுவிடவில்லை. வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்திருக்கிறது. மகுடப் பதிவை அண்ணன் இருக்கும்போது போடுவதில்லை என்று நாங்களே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய ஒலிபெருக்கியை வாங்கி வந்து, மந்தம் சரியாகக் கேட்கிறதா பார் என்று அவரே போட்டார்.