ஹொக்கைடோவில் கூட்டமில்லாத பனிச்சறுக்கு எங்கே?

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): நானும் மனைவியும் ஜனவரி கடைசியில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோ போய்ப் பனிச்சறுக்கு பழகலாம் என்றிருக்கிறோம். எல்லோரும் நிசேகோ என்கிறார்கள், ஆனால் அங்கே மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுக்கே நீண்ட வரிசையாம். பின்னால் வேகமாக வருபவர்கள் மோதிவிடுவார்களோ என்று மனைவிக்குப் பயம். அமைதியான இடம் சொல்லுங்கள்.

பதில் (பட்டர்வொர்த்): தம்பி, ஃபுரானோவைப் பாருங்கள். ஹொக்கைடோவின் நடுவில், கடலிலிருந்து தள்ளி இருப்பதால் குளிர் கடுமை, பனியும் மாவு மாதிரி உலர்ந்து கிடக்கும், புதிதாகப் பழகுபவர்கள் விழுந்தாலும் அவ்வளவாக வலிக்காது. அசாஹிகாவா விமான நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். சனி, ஞாயிறு வேண்டாம். சீனப் பெருநாள் வாரம் வேண்டவே வேண்டாம், நம் மலேசியர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் அப்போதுதான் கிளம்புவார்கள்.

பதில் (செந்தூல்): ருசுட்சுவும் நல்லது, 3 மலைகள் என்பதால் கூட்டம் பிரிந்துவிடும். எங்கே போனாலும் காலையில் லிஃப்ட் திறந்ததும் ஏறிவிடுங்கள். ஆனால் ஆள் இல்லையே என்று கயிறு கட்டிய எல்லையை மட்டும் தாண்டாதீர்கள், பனிச்சரிவு உயிருக்கே ஆபத்து. பயணக் காப்புறுதியையும் படித்துப் பாருங்கள், சில திட்டங்களில் பனிச்சறுக்கு சேராது.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணே, ஃபுரானோதான். உடை, ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்குமா?

பட்டர்வொர்த்: கிடைக்கும். கையுறை மட்டும் சொந்தமாக வாங்குங்கள், அப்புறம் முதல் நாளே பயிற்சியாளரிடம் சேர்ந்துவிடுங்கள்.