ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலை டிராக்குக்குக் கொண்டுபோக: எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது?

காரைக்குடி_ஸ்விஃப்ட்:

2008 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல். ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது), ஏர்பேக் இரண்டும் இல்லாத வண்டி. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே பந்தயப் பாதைக்கு டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாள்) கொண்டுபோக வேண்டும். டிரெய்லர் கிடையாது. காரைக்குடியிலிருந்து 250 கி.மீ.க்கு மேல் ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்ப வேண்டும். மற்ற நாளில் வீட்டு வண்டியும் இதுதான்.

இன்ஜினில் கை வைக்கப் போவதில்லை. எடையில் 100 கிலோ குறைக்க முடியுமா? பின் சீட்டு, ஸ்டெப்னி, ஏசி, இரைச்சலைக் குறைக்கத் தரையில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டு என்று பட்டியல் வைத்திருக்கிறேன். உடம்பை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட்டும், இரண்டு தோளையும் இடுப்பையும் கட்டும் நாலு பாயிண்ட் பெல்ட்டும் போடலாமா? அனுபவப்பட்ட அண்ணன்மார்கள் சொல்லுங்கள்.

கோட்டையூர்_ஸ்பானர்:

தம்பி, பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எடை மேடைக்குப் போங்கள். நெல் லாரி ஏறும் மேடையே போதும். முழு வண்டியை ஒருமுறை, முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒருமுறை, பின் சக்கரம் மட்டும் நிற்க ஒருமுறை. அந்த மேடைகள் 5 அல்லது 10 கிலோ படியில்தான் காட்டும், அதனால் முன்னும் பின்னும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்துவருகிறதா பாருங்கள். கழற்றும் சாமான்களை மேடையில் எடை போட முடியாது. அதற்கு அரிசிக் கடைத் தராசு. ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நோட்டில் எழுதுங்கள்.

இந்த ஸ்விஃப்ட் காகிதத்தில் சுமார் 1010 கிலோ, 87 பிஎஸ் (குதிரைத்திறன்). கழற்றினால் வருவது ஏறத்தாழ இவ்வளவு: ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் எல்லாம் சேர்த்து 17 கிலோ. பின் சீட்டு, சாய்வோடு 22 முதல் 25. பக்கத்து சீட்டு 15. டிக்கித் தட்டு, தரை மேட், டேஷ்போர்டு அறையில் சேர்ந்திருக்கும் சாமான் 5. டேங்க் 43 லிட்டர். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 20 லிட்டரோடு டிராக்கில் இறங்கினால் முழு டேங்கைவிட 17 கிலோ மிச்சம். இதுவே 75 கிலோவைத் தாண்டிவிட்டது. பேட்டரியை மாற்றினால் இன்னும் 6, 7 கிலோ. 85 என்று வையுங்கள். 925 கிலோ வண்டிக்கு 87 பிஎஸ் என்பது, 1010 கிலோ வண்டிக்கு 95 பிஎஸ் இருப்பதற்குச் சமம். இன்ஜினில் கை வைக்காமல் 8 பிஎஸ்.

கவனியுங்கள், இதில் பேட்டரி தவிர எல்லாமே டிராக் பேடாக்கில் (வண்டிகளை நிறுத்தித் தயார் செய்யும் இடம்) சாக்கெட் செட்டை வைத்து முக்கால் மணி நேரத்தில் கழற்றி, சாயங்காலம் திரும்ப மாட்டக்கூடியவை. ஓட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு இதுதான் வழி. ஸ்டெப்னியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு 250 கி.மீ. கிளம்பாதீர்கள். கூடவே கொண்டுபோய் அங்கே இறக்குங்கள். ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கிய சீட்டு வெயிலிலும் மண்ணிலும் கிடக்கக்கூடாது.

பின் சீட்டைத் தூக்கியதும் கீழே பெட்ரோல் பம்ப் மூடி தெரியும். அதன் திருகு எல்லாம் இறுக்கமாக இருக்கிறதா, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள். சீட்டு மறைத்துக்கொண்டிருந்த பெட்ரோல் வாடை இனி நேரே மூக்குக்கு வரும். தொங்கும் பின் பெல்ட் பக்கிளை டேக் போட்டுக் கட்டுங்கள். கழற்றிய போல்ட்டை அந்தந்த ஓட்டையிலேயே இரண்டு சுற்றுத் திருகி வையுங்கள், காணாமல் போகாது.

பேட்டரி விஷயத்தில் ஒன்று. பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சிக்ரி, இருக்கிற ஊர் நம்முடையது. லித்தியம் என்றால் ஒரே ரகம் இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியும். காருக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகம்தான், உள்ளேயே பாதுகாப்புச் சர்க்யூட் இருப்பது. வாங்கும் முன் இன்ஜின் ஓடும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள்: ஆல்டர்னேட்டர் 14.6 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் மாட்டக்கூடாது. பானட்டுக்குள் எக்ஸாஸ்ட் சூடு படாதபடி தடுப்பும் வேண்டும்.

ஏசியைத் தொடாதீர்கள். கழற்றினால் 15 கிலோ கிடைக்கும், அதுவும் மூக்கிலிருந்து குறைவதால் நல்ல எடைதான், மறுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் திண்டுக்கல் தாண்டி ஓட்டி வந்து சோர்ந்துபோய் டிராக்கில் இறங்குபவருக்கு அந்த 15 கிலோவால் பயன் இல்லை.

தேவகோட்டை_பிரேக்:

அண்ணன் சொன்ன எடைக் கணக்கு சரி. அதனால் பிரேக்கில் என்ன மாறும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலரும் சுழன்று மண்ணுக்குள் போகிறார்கள்.

முன்னால் 620, பின்னால் 390 என்று வண்டி நிற்பதாக வையுங்கள். சீட்டும் ஸ்டெப்னியும் போனால் பின்னாலிருந்து 40, முன்னாலிருந்து 5 கிலோ குறையும். 615, 350. முன்பக்கம் 61 சதவீதமாக இருந்தது கிட்டத்தட்ட 64 ஆகிவிடுகிறது. பிரேக் மிதிக்கும்போது இருக்கிற எடையும் முன்னால் சாய்வதால் பின் சக்கரத்துக்குப் பிடிமானம் மிகக் குறைவு. ஏபிஎஸ் இல்லாத வண்டியில் பின் டிரம் முன்பைவிடச் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும். வளைவுக்குள் நுழைந்துகொண்டே பிரேக் பிடித்தால் பின்பக்கம் முந்திக்கொண்டு வரும். வளைவு நடுவில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலும் அதே கதைதான்.

அதனால் வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்சிலோடு இணைந்த லோடு சென்சிங் வால்வு (பின்பக்கச் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பின்பக்கம் எடை குறைந்து பாடி உயரும்போது அதுவே பின் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும், நல்லது. ஆனால் தாழ்வான ஸ்பிரிங் மாட்டிவிட்டு வால்வைச் சரிசெய்யாமல் விட்டால், டிக்கியில் நாலு மூட்டை ஏற்றியிருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு அழுத்தத்தைக் கூட்டிவிடும். காலியான பின்பக்கத்துக்கு மூட்டை ஏற்றிய பிரேக். இதைவிட ஆபத்தான கூட்டு இல்லை. ஸ்பிரிங் மாற்றினால் வால்வும் சேர்த்துத்தான்.

அடுத்தது பிரேக் ஆயில். டாட் என்பது அதன் தர எண். டாட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரியில் கொதிக்கும். ஈரம் இழுத்துவிட்டால் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. கரி 2.1 கி.மீ.தான், நேர்ப்பாதை குட்டை. ஒரு பிரேக் ஆறுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். பழைய ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. பெயர் ஒத்திருக்கிறது என்று டாட் 5 சிலிக்கான் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், மற்றவற்றோடு கலக்காது.

1 லிட்டர் புது டின் வாங்குங்கள், மூடி உடைத்து வைத்திருந்தது வேண்டாம். ரிசர்வாயரிலிருந்து பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, மேனுவலில் போட்டிருக்கும் வரிசைப்படி ஒவ்வொரு சக்கரமாகப் பிளீட் செய்யுங்கள், அதாவது பெடலை மிதித்துப் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றுங்கள், கண்ணாடி நிறத்தில் குமிழ் இல்லாமல் வரும் வரை. நடுவில் ரிசர்வாயர் காலியானால் காற்று ஏறி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெடலை முழுத்தரைக்கு மிதிக்கவும் வேண்டாம்: பழைய மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போகாத இடத்தில் துரு இருக்கும், அது வாஷரைக் கிழிக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக்கொண்டால் போதும். முன் பேட் பாதிக்குமேல் தேய்ந்திருந்தால் புதிது. மெலிந்த பேட் சூட்டை அப்படியே பிஸ்டனுக்குக் கடத்தும்.

பள்ளத்தூர்_பைப்:

சீட்டு, பெல்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ரோல் பார் (கவிழ்ந்தால் கூரை அமுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய் வளைவு) இல்லாமல் நாலு பாயிண்ட் பெல்ட் போடாதீர்கள். வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால், கம்பெனி பெல்ட் உடம்பைப் பக்கவாட்டில் சரியவிடும்; நாலு பாயிண்ட் நிமிர்த்தியே பிடித்துக்கொள்ளும், அமுக்கம் முழுக்க கழுத்துக்கு. மோதும்போது நாலு பாயிண்டில் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறுவதும் உண்டு. டிராக் டேக்கு கம்பெனி சீட்டும் கம்பெனி பெல்ட்டும் நல்ல நிலையில் இருந்தால் போதும்.

ரோல் பார் போடுவதாக இருந்தால் எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) விதியில் உள்ள அளவு: மெயின் வளைவுக்கு 45 மி.மீ. வெளி விட்டம், 2.5 மி.மீ. கனம், மற்றவற்றுக்கு 38க்கு 2.5. தையல் (நீளவாக்கில் பற்றவைத்த மூட்டு) இல்லாத, குளிர்முறையில் இழுத்த கார்பன் ஸ்டீல் குழாய். கேட், ஜன்னல் கிரில் அடிக்கும் பட்டறையில் கிடைக்கும் தையல் போட்ட பைப்பும் ஜிஐ பைப்பும் வேண்டவே வேண்டாம். வளைக்கும் இடத்தில் தட்டையாகிவிடும், மோதும்போது தையலில் பிளக்கும். பாடியில் நிற்கும் இடத்தில் 3 மி.மீ. தகடு, 120 சதுர செ.மீ.க்குக் குறையாமல். பின்பாதிக்கு மட்டும் போட்டாலே சுமார் 20 கிலோ ஏறும். ஹெல்மெட் இல்லாமல் வீட்டார் உட்காரும் காரில் தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பதும் அபாயமே. வீட்டு வண்டியாக இருக்கும் வரை வேண்டாம் என்பதே என் கருத்து.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கழற்றிய சீட்டைத் திரும்ப மாட்டிவிட்டே சாலைக்கு வாருங்கள். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது என்பதும் மனதில் இருக்கட்டும்.

காரைக்குடி_ஸ்விஃப்ட்:

நன்றி அண்ணே. ஏசி, பக்கெட் சீட்டு இரண்டையும் விட்டுவிட்டேன். தார் ஷீட்டு மட்டும் எடுக்கலாமா? ஹீட் கன் இருக்கிறது. 15 இன்ச் அலாய் ஒரு செட்டும் விலைக்கு வருகிறது. வேலை செய்யும் இடம் வீட்டு முகப்பு, ஆத்தங்குடிக் கல் பதித்த தளம்.

கானாடுகாத்தான்_கேம்பர்:

ஆத்தங்குடிக் கல்லின் மேல் ஜாக்கி வைக்காதீர்கள் தம்பி! கண்ணாடி மேல் சிமெண்ட் வார்த்துக் கையால் செய்த கல். ஜாக்கியின் குட்டிச் சக்கரம் ஒரே புள்ளியில் அழுத்தினால் விரிசல் விடும், பிரேக் ஆயில் சிந்தினால் பளபளப்பும் போகும். வண்டியை வெளியே கான்கிரீட் தரைக்குக் கொண்டுபோங்கள். மண் தரைதான் என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட்.

தார் ஷீட்டு மொத்தமே 6 முதல் 8 கிலோ. அதற்காகக் கார்பெட், சென்டர் கன்சோல், வயரிங் எல்லாம் கிளப்ப வேண்டும். எடுத்த பிறகு 250 கி.மீ.க்கும் டயர் இரைச்சலும் தரைச் சூடும் கூடவே வரும். வீட்டு வண்டிக்குத் தேவையில்லை. எடுத்தே தீருவேன் என்றாலும் பின் சீட்டுப் பகுதியில் ஹீட் கன் கூடாது, அடியில் பெட்ரோல் டேங்க். அங்கே உலர் பனிக்கட்டிதான்: கதவு எல்லாம் திறந்து, தடித்த கையுறை போட்டு, பரப்பிப் பத்து நிமிடம் விட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டினால் ஓடு மாதிரி உடைந்து வரும். கீறல் விழுந்த இடத்துக்கு அன்றைக்கே பிரைமர்.

அலாயைப் பணம் கொடுப்பதற்கு முன் தராசில் வையுங்கள். மலிவு வார்ப்பு அலாய் பல சமயம் கம்பெனி இரும்பு ரிம்மைவிட கனம். சுழலும் எடை, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை; அங்கே கூடும் ஒரு கிலோ, டிக்கியில் குறைத்த ஒரு கிலோவைவிட அதிகம் உறைக்கும். இந்த வண்டிக்கு 4க்கு 100 பிசிடி (100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட்), நடு ஓட்டை 54.1 மி.மீ. அலாயின் ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் ஸ்டீயரிங் உதறும். நட் எம்12க்கு 1.25, டார்க் ரெஞ்ச் வைத்து 85 நியூட்டன் மீட்டர். முதல் செஷன் முடிந்து ரிம் ஆறியதும் மறுபடி பாருங்கள். 195/55 ஆர்15 போட்டால், உங்கள் 165/80 ஆர்14ஐவிடச் சுற்றளவு 4 சதவீதம் குறையும். கியர் கொஞ்சம் குட்டையாகும், கரிக்கு அது நல்லதே.

மிச்சப் பணத்தை அலைன்மெண்ட்டில் போடுங்கள். முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே திரும்பியிருக்கும் அளவு) பூஜ்யம். ஸ்ட்ரட் கீழ் போல்ட்டில் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) போல்ட் மாட்டி, இரண்டு பக்கமும் சமமாக மைனஸ் ஒன்றரை டிகிரி. இரண்டைத் தாண்டினால் டிராக்குக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஊருக்குத் திரும்பும் பாதையில் டயரின் உள்விளிம்பு தேயும்.

தேவகோட்டை_பிரேக்:

டயர் அழுத்தத்துக்கு ஒரு சாக்பீஸ் எடுத்துப் போங்கள். டயரின் தோள் ஓரத்தில் நாலு இடத்தில் குறுக்குக் கோடு. குளிர்ந்த டயரில் 30 பிஎஸ்ஐ வைத்து ஐந்து சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, 2 ஏற்றுங்கள். தோள் வரைக்குமே அழியவில்லை என்றால் 2 இறக்குங்கள். சூட்டில் 36ஐத் தாண்டவிட வேண்டாம்.

பெட்ரோல் 15 லிட்டருக்குக் கீழே போகக்கூடாது. நீண்ட வளைவில் பம்ப் காற்றை இழுத்து இன்ஜின் தடுக்கும். கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். பேடாக்கில் ஹேண்ட் பிரேக் இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். சூடான டிரம்மில் ஷூவை இறுக்கி வைத்தால் ஆறும்போது கவ்விக்கொள்ளும்.

திரும்பக் கிளம்பும் முன் பெடலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். காலையில் இருந்ததைவிட மெத்தென்று இறங்கினால் முன் சக்கரம் இரண்டையும் அங்கேயே பிளீட் செய்துவிட்டுத்தான் திண்டுக்கல் ரோட்டில் ஏற வேண்டும். அதற்காகவே, டின்னில் மிஞ்சிய ஆயிலையும் கையோடு கொண்டுபோங்கள்.