பழைய திங்க்பேடா, புது 15 இன்ச்சா? நான் வாங்கின கதை, நீங்களும் சொல்லுங்க

மதுரை வவுச்சர்:

பி.காம் இரண்டாம் வருஷம். காலையில் கல்லூரி, சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பில் என்ட்ரி. அக்காவுக்கு 2013-ல் கிடைத்த அரசு லேப்டாப்தான் அதுவரை வீட்டில் இருந்தது. எக்செல்லைத் திறந்துவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். வந்த பிறகும் திறந்துகொண்டேதான் இருக்கும்.

நான் சேர்த்தது 14,000, அப்பா தருவதாகச் சொன்னது 20,000. கடைகடையாக ஏறி இறங்கினதில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று புத்தம் புதுசு: 15.6 இன்ச், ஐ3-1215யு, 8 ஜிபி ரேம், 34,000. இன்னொன்று ஏதோ கம்பெனியில் ஓடிக் களைத்த லெனோவோ திங்க்பேட் டி480: ஐ5-8350யு, 16 ஜிபி, 23,000.

அப்பாவுக்குப் பழசே ஆகாது. "செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கி நான் பட்டது போதாதா? மெக்கானிக் வீட்டுலயே குடியிருக்கணும்டா" என்றார். புதுசுக்கு ஒரு வருஷ வாரன்டி, பழசுக்குக் கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்ன மூன்று மாதம். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

யூடியூபில் பார்த்த பிராசஸர் ஒப்பீடெல்லாம் கடையில் நின்றபோது மறந்தே போச்சு. என் வேலை என்ன? ஒரு கட்டு பர்ச்சேஸ் பில்லை டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றணும். எஃப்9 தட்டி, பில் நம்பர், தேதி, தொகை. புதுப் பார்ட்டி என்றால் 33-ல் தொடங்கும் 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர் வேறு. வலது கை எண்களை விட்டு நகரவே நகராது. புதுசில் வலது ஓரம் தனி நம்பர் பேட் இருந்தது. திங்க்பேடில் இல்லை, 14 இன்ச்சில் அதற்கு இடமும் இல்லை. அங்கேயே பாதி மனசு புதுசுக்குப் போய்விட்டது.

அப்புறம்தான் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதுசில் நெட்வொர்க் கேபிள் செருகும் ஓட்டை இல்லை. எங்கள் ஆபீஸில் டேலி டேட்டா மூலையில் இருக்கும் ஒரு மெஷினில் கிடக்கிறது. வைஃபை என்று ஒன்று இருக்கிறது, பேருக்கு. ஜிஎஸ்டிஆர்-1, அதாவது மாத விற்பனைக்கான ஜிஎஸ்டி கணக்கு, போடக் கடைசி நாள் 11-ம் தேதி. பத்தாம் தேதி ராத்திரி எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது வைஃபையில் இருப்பவனுக்கு மட்டும் டேலி அறுந்து விழும், பாதி அடித்த வவுச்சரோடு. கேபிள்காரன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருப்பான். திங்க்பேடில் அந்த ஓட்டை இருந்தது.

வீட்டில் பழகுவது டேலியின் எஜுகேஷனல் மோடில், லைசென்ஸ் இல்லாமல் கற்றுக்கொள்ள. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளுக்கு மட்டும்தான் என்ட்ரி போட முடியும், அதற்கு எந்த லேப்டாப்பும் போதும்.

திங்க்பேடை எடுத்தேன். தனியாக ஒரு யுஎஸ்பி நம்பர் பேட் 450 ரூபாய். அப்பா இரண்டு நாள் பேசவில்லை.

லேப் சாவி:

நான் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். ஞாயித்துக்கிழமைல கல்யாண ரீல் எடிட் பண்றேன். விண்டோஸா மேக்கான்னு ரொம்ப யோசிச்சு மேக்புக் ஏர் எம்1 எடுத்தேன், 8 ஜிபி. எடிட்டிங்குக்குக் குறையே சொல்ல மாட்டேன். ஃபேனே இல்ல, சத்தமே வராது. முதல் வருஷம் கேட்டது வெறும் ஆட்டோகேட், டிராயிங் போடற சாஃப்ட்வேர், அது மேக்லயும் இருக்கறதால நான் செஞ்ச தப்பு எனக்கே தெரியல. 3டி டிசைன் பண்ற சாலிட்வொர்க்ஸ் வந்தப்பதான் முழிச்சேன். அது விண்டோஸுக்கு மட்டும். "விண்டோஸ் போட்டுக்கலாம் ப்ரோ"ன்னு விக்கும்போது சொன்னாங்க. இன்டெல் சிப் வெச்ச பழைய மேக்ல விண்டோஸ் போட பூட் கேம்ப்னு ஒண்ணு இருந்துச்சு, ஆப்பிளோட சொந்தச் சிப்பான எம்1-ல கிடையாது. இப்ப லேப் பூட்டற வரைக்கும் நான்தான் கடைசி ஆள். லேப் அண்ணன் சாவிய ஆட்டிக்கிட்டே நிப்பாரு. சிலபஸ்ல மூணாவது வருஷம் என்ன சாஃப்ட்வேர்னு ஒரு சீனியர்கிட்ட கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

ஏமாந்த சோணகிரி:

வவுச்சர் தம்பிக்குக் கிடைச்சது நிஜ டி480. எனக்கு வாய்ச்சதைக் கேளுங்க. சென்னை ரிச்சி தெருவுல ஒரு கடை, பேரு வேண்டாம். டி480-னு சொல்லி 18,000-க்குக் குடுத்தாங்க. ஸ்டிக்கர்ல ஐ5-னு இருந்துச்சு, நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா டி470, உள்ள ஐ5-7300யு. ரெண்டே கோர். எட்டாம் தலைமுறை 8350யு-ல நாலு கோர். திரும்பப் போய்க் கேட்டதுக்கு, "ஐ5-னா ஐ5 தானே சார், இதுல என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் 2025 அக்டோபர் 14-ல தெரிஞ்சுது. அன்னிக்கு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை முடிச்சுட்டாங்க. இந்த ஏழாம் தலைமுறைய விண்டோஸ் 11 முறைப்படி ஏத்துக்கறதில்ல. நான் பகல்ல எம்.பி.ஏ படிச்சுட்டு ராத்திரி ஒரு கம்பெனிக்கு கஸ்டமர் சாட் பாக்கறேன், அவங்க 11 இல்லாத மெஷின விட மாட்டோம்னுட்டாங்க. அடுத்து வாங்கறவங்க சார்ஜர் ஓட்டையப் பாருங்க. ரெண்டும் தூரத்துல அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனா டி470-ல தட்டையா நீளமா ஒரு சார்ஜர் ஓட்டை தனியா இருக்கும், டி480 டைப்-சி-ல சார்ஜ் ஆகும். அப்படியே பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங்) பாஸ்வேர்டு இல்லையான்னு ஆன் பண்ணி உள்ள போய்ப் பாத்துடுங்க. கம்பெனிலேர்ந்து கழிச்சு வர்றதுல சிலது பூட்டியே வந்துடும்.

மதுரை வவுச்சர்:

சோணகிரி அண்ணே, அந்த பயாஸ் பாஸ்வேர்டு விஷயம் எனக்கும் தெரியாது. தப்பிச்சேன். ஒன்று சேர்க்கணும்: பேட்டரி. கடையிலேயே கமாண்ட் விண்டோவில் பவர்சிஎஃப்ஜி என்ற கட்டளையை பேட்டரி ரிப்போர்ட்டோடு அடித்துப் பாருங்கள். புதிதாக இருந்தபோது 24 வாட்-ஹவர் சார்ஜ் தாங்கின பேட்டரி என்னுடையதில் 13-க்கு வந்திருந்தது. அதைக் காட்டி 1,000 குறைத்தேன். அப்படித்தான் 23,000 சொன்னது 22,000-க்கு வந்தது.

டி480-ல் பேட்டரி இரண்டு, ஒன்று உள்ளே, ஒன்று பின்பக்கம் கழற்றுகிற மாதிரி. போன மாதம் ஜிஎஸ்டிஆர்-3பி, அதாவது மாத வரிக் கணக்கு, போடுகிற கடைசி நாள், 20-ம் தேதி, கரன்ட் போச்சு. வீட்டிலிருந்துதான் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருந்ததைக் கழற்றி வேறொன்றை மாட்டினேன், ஸ்கிரீன் கண் சிமிட்டக்கூட இல்லை. அப்பா பதறிவிட்டார்: "அணைக்காமக் கழட்டுறியேடா!" இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கழற்றிக் காட்டச் சொல்கிறார். புதுசுதான் வாங்கியிருக்கணும் என்பதையும் விடாமல் சொல்கிறார்.