2002 அனுமதி எந்தப் பருத்திக்கு?

அன்னூர்க்காட்டான்: "பிடி (Bt) பருத்திக்கு 2002லேயே அனுமதி வந்தாச்சு, களைக்கொல்லி தாங்கும் பருத்தியும் அதேதான், தாராளமாக விதைக்கலாம்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 2002இல் அனுமதி கிடைத்தது காய்ப்புழுவைத் தடுக்கும் மரபணுவுக்கு. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தாலும் சாகாத பருத்திக்கு இந்தியாவில் அனுமதியே கிடையாது.

உடுமலைப் பண்ணையம்: எழுதினது நான்தானுங்க. ரெண்டும் மரபணு மாற்றின பருத்திதானே? களை வெட்ட ஆள் கிடைக்காமல் காடெல்லாம் கோரையாக நிற்கிறது, உங்களுக்கு வருஷக் கணக்கு முக்கியமாக்கும்.

அன்னூர்க்காட்டான்: வருஷக் கணக்குதான் பேச்சே. பிடி மரபணு செடிக்குள் ஒரு புரதத்தை உண்டாக்கும், அதைத் தின்கிற புழு சாகும். கிளைஃபோசேட் செடியின் ஒரு நொதியை முடக்கும், அதில் செடிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் உருவாகாமல் பட்டுப்போகும். அந்த மருந்துக்கு முடங்காத நொதியின் மரபணுவை மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்துப் பருத்தியில் வைத்தார்கள். வேறு மரபணு, வேறு அனுமதி. 2002 என்று எழுதினதை எடுங்க.

பெருந்துறை மஞ்சள்: அமெரிக்காவில் 1996லிருந்து சோயா அப்படித்தான் விளைகிறது. அங்கே யாரும் விவசாயத்தை விட்டுப் போகவில்லையே.

அன்னூர்க்காட்டான்: அங்கே ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து, முள்ளுக்கீரை இனத்துக் களையே அதற்கு மசியாமல் போய்விட்டது. அதுவும் இருக்கட்டும், 2002க்குப் பதில் சொல்லுங்க.

உடுமலைப் பண்ணையம்: மக்காச்சோளத்தில் படைப்புழு வந்தப்பவும் இப்படித்தான் இங்கே வகுப்பு எடுத்தீங்க. உங்க பேச்சைக் கேட்டு மருந்து அடித்தவர் கதிர் என்னாச்சு? அதை நான் மறக்கவில்லை.

அன்னூர்க்காட்டான்: அவர் அடித்தது பருவம் தப்பி. நான் குருத்தில் புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்கச் சொன்னேன்.

பெருந்துறை மஞ்சள்: ஆமாங்க, எப்பவும் தப்பு அடுத்தவர் மேல்தான்.

அன்னூர்க்காட்டான்: சரி, நேராகவே கேட்கிறேன். அனுமதி உள்ள விதை என்றால் கடைக்காரர் பில் கொடுத்திருப்பாரே, கொடுத்தாரா? பெயர் இல்லாத பாக்கெட்டில் வாங்கி முளைக்காமல் போனால் யாரிடம் போய் நிற்பீங்க? உங்க காட்டில் அடிக்கிற மருந்து காற்றில் பறந்தால் பக்கத்துக் காட்டுத் தக்காளி கருகுமே, அதற்கு யார் பொறுப்பு? 2002இல் வந்த அனுமதி புழுவுக்கு. களைக்கு இல்லை.

உடுமலைப் பண்ணையம்: பில் கேட்கிறவர் முதலில் படைப்புழுக் கணக்கை முடிக்கட்டும். 2002 என்று எழுதினதை நான் எடுக்கப்போவதில்லை.