கிரைண்டர் தளத்துக்கு ஆள் வருகிறார்கள், ஆர்டர் வரவில்லை. தேடுசொல் தேர்வில் எங்கே தவறு?

மாவுக்கல்:
வணக்கம். கோவையில் டேபிள் டாப் கிரைண்டரும், சாய்த்து மாவு எடுக்கும் டில்டிங் கிரைண்டரும் செய்யும் சிறு பட்டறையின் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். உதிரி பாகங்களும் விற்கிறோம். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். தளத்தில் 46 கட்டுரைகள் உள்ளன. கூகுள் தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல் கணக்குப்படி கடைசி 3 மாதத்தில் 11,400 கிளிக். தளம் வழியாக வந்த ஆர்டர் 9.

கிளிக்கில் பெரும்பகுதி 'இட்லி மாவு அரிசி உளுந்து அளவு', 'மாவு புளிக்காமல் இருக்க', 'கிரைண்டர் சுத்தம் செய்வது எப்படி' போன்ற தேடல்களுக்கு. 'வெட் கிரைண்டர்' என்ற சொல்லுக்கு நாங்கள் 60-ஆம் இடத்துக்கும் கீழே. கூகுள் விளம்பரக் கணக்கில் உள்ள கீவேர்ட் பிளானரில் தேடல் அதிகம், போட்டி குறைவு என்று காட்டியதைப் பார்த்துத்தான் தலைப்புகளை எடுத்தேன். வாங்கும் எண்ணத்தோடு வருபவரைக் கொண்டுவரும் சொற்களை எப்படிப் பிடிப்பது?

சொல்வலை:
தவறு அந்தக் 'போட்டி' என்ற கட்டத்திலேயே இருக்கிறது. பிளானர் காட்டும் போட்டி, விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையிலான போட்டி. இயல்பான தேடல் முடிவில் மேலே வருவது எளிதா கடினமா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. போட்டி குறைவு என்றால், அந்தச் சொல்லுக்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்ய ஆள் அதிகம் இல்லை என்று பொருள். நீங்கள் தேடித் தேடி வியாபாரம் இல்லாத சொற்களாகவே எடுத்திருக்கிறீர்கள். மாவு புளிக்காமல் இருக்க வழி தேடுபவர் வீட்டில் கிரைண்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

பிளானரில் 'பக்கத்தின் மேல்பகுதி ஏலத்தொகை' என்று இரண்டு கட்டங்கள் உண்டு, குறைந்தது ஒன்று, அதிகபட்சம் ஒன்று. அதைப் பாருங்கள். தொகை உயர்ந்திருந்தால் அந்தச் சொல்லில் யாரோ விற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பிளானர் நெருங்கிய சொற்களை ஒன்றாகச் சேர்த்து எண்ணும், விளம்பரத்துக்குச் செலவழிக்காத கணக்குக்கு '100 முதல் 1000 வரை' என்று அகலமான வரம்பைத்தான் காட்டும். எண்ணுக்குப் பதில் கோடு மட்டும் வந்தால் தேடலே இல்லை என்று முடிவு கட்டவேண்டாம்.

உங்களுக்கு அதைவிட நல்ல சுரங்கம் சர்ச் கன்சோல். செயல்திறன் பகுதியில் தேதியை 16 மாதமாக வையுங்கள். வினவல் வடிகட்டியில், பல சொற்களை ஒரே வரியில் தேட உதவும் ரீஜெக்ஸைத் தேர்ந்து இதைப் போடுங்கள்:

விலை|ரேட்|வாங்க|எங்கே|கிடைக்கும்|லிட்டர்|வோல்ட்|பெல்ட்|எது நல்லது

இதே சொற்களின் ஆங்கில எழுத்து வடிவங்களையும் அதே வரியில் சேர்க்கவும். நம் ஆட்கள் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் தட்டுவது மிக அதிகம், அந்தப் பாதியை விட்டுவிடக்கூடாது. வடிகட்டிய பிறகே பதிவிறக்குங்கள். ஏற்றுமதியில் 1000 வரிதான் வரும், வடிகட்டாமல் எடுத்தால் மாவுத் தேடல்களே இடத்தை அடைத்துவிடும். சராசரி இடம் 8 முதல் 25 வரை உள்ளவற்றைத் தனியாக எடுத்துவையுங்கள். கூகுள் ஏற்கெனவே உங்களைப் பொருத்தமானவர் என்று ஓரளவு நினைக்கும் சொற்கள் அவை.

உதிரிக்கடை:
சொல்வலை சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். 'விலை', 'வாங்க' இருந்தாத்தான் வாங்குற தேடல்னு நினைக்காதீங்க. ரெடியா காசோட நிக்கிற ஆள் தேடுறது பெரும்பாலும் அளவும் நம்பரும்தான். '2 லிட்டர் கிரைண்டர் பெல்ட்', 'டேபிள் டாப் கிரைண்டர் டிரம் மட்டும்', 'கிரைண்டர் கெப்பாசிட்டர்'. பெல்ட் அறுந்து உளுந்து பாதியில நிக்குது, அந்த அம்மா இன்னைக்கே வாங்கணும். மாசம் 30 பேர் தேடினாலும் 30 பேரும் தேவையோட வர்றவங்க.

ஒவ்வொரு உதிரிக்கும் தனிப் பக்கம் போடுங்க. பெல்ட் பக்கத்துல, பெல்ட் மேல அச்சடிச்ச நம்பர் எங்க இருக்கும், அழிஞ்சு போயிருந்தா எப்படி அளக்கறது, எந்த மாடலுக்குப் பொருந்தும், விலை, கூரியர் எத்தனை நாள், எல்லாம் முதல் திரையிலேயே தெரியணும். பெல்ட்டை ஸ்கேல் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ. தப்பான சைஸ் வாங்கி திருப்பி அனுப்பறது குறைஞ்சிடும்.

இன்னொரு பெரிய இடம் வெளிநாட்டுத் தேடல். '110 வோல்ட் வெட் கிரைண்டர்'னு தேடுறவர் அமெரிக்காவுலயோ கனடாவுலயோ இருக்கார், அங்க 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம 230 வோல்ட் மெஷினை டிரான்ஸ்பார்மர் வச்சு ஓட்டலாமான்னு கேட்பார். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாத்தும், ஹெர்ட்ஸை மாத்தாது. 50-க்குச் செஞ்ச இண்டக்‌ஷன் மோட்டார் 60-ல கிட்டத்தட்ட 20 சதவீதம் வேகமா சுத்தும், கல்லு வேகம் கூடி மாவு சூடாகும். இதை எழுதிட்டு, கீழேயே உங்க 110 வோல்ட் மாடலை வைங்க. இங்கிலாந்து, சிங்கப்பூர், இலங்கை எல்லாம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக் மட்டும் பார்த்தாப் போதும். பிளானர்ல இடத்தை இந்தியாவுலேயே விட்டுட்டா இந்தச் சொல்லோட அருமை தெரியாது. இடத்தை அமெரிக்கானு மாத்திப் பாருங்க.

மாவுக்கல்:
இருவருக்கும் நன்றி. ரீஜெக்ஸ் போட்டதில் 212 வினவல்கள் வந்தன. அதிலிருந்து இவற்றை எடுத்தேன், சரியா என்று பாருங்கள்: 'வெட் கிரைண்டர் விலை', 'கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி விலை', 'டில்டிங் கிரைண்டர் டேபிள் டாப் எது நல்லது', '10 லிட்டர் ஹோட்டல் கிரைண்டர்', '110 வோல்ட் கிரைண்டர்', 'கிரைண்டர் கல் கொத்துவது எங்கே', '2 லிட்டர் கிரைண்டர் பெல்ட்'.

சொல்வலை:
ஒவ்வொன்றையும் மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் தேடி முதல் பக்கத்தைப் பாருங்கள். கருவிகளைவிட அந்தப் பக்கமே தெளிவாகப் பேசும். பொருள் படமும் விலையுமாக இருந்தால் வாங்கும் தேடல். யூடியூப் செய்முறைகளாக இருந்தால் கற்கும் தேடல். பெரிய கடைகளின் பட்டியல் பக்கங்களே பத்தும் என்றால் வாங்கும் தேடல்தான், ஆனால் உங்களுக்கு இடமில்லை.

'வெட் கிரைண்டர் விலை' இந்தக் கடைசி வகை, விடுங்கள். 'கோயம்புத்தூர் கிரைண்டர்' உங்களுக்கே உரியது. புவிசார் குறியீடு பெற்ற பொருள், ஊர் பெயர் போட்டுத் தேடுபவர் நேரே பட்டறையில் வாங்க நினைப்பவர். '10 லிட்டர் ஹோட்டல் கிரைண்டர்' தங்கம். ஓர் ஆர்டர் வீட்டுக் கிரைண்டர் பலவற்றுக்குச் சமம். அந்தப் பக்கத்தில் மோட்டார் குதிரைத்திறன், சிங்கிள் ஃபேஸா திரீ ஃபேஸா, ஒரு ஈட்டுக்கு எத்தனை கிலோ அரிசி, கல் தேய்ந்தால் யார் வந்து கொத்துவார்கள் என்பது இருக்கட்டும். 'எது நல்லது' தேடுபவர் இன்னும் முடிவெடுக்காதவர். அவருக்கு டில்டிங் எப்போது வேண்டாம் என்பதையும் சொல்லுங்கள். விற்பவரே குறையைச் சொன்னால்தான் அவர் நம்புவார்.

'கல் கொத்துவது' ஊருக்குள் செய்யும் சேவை. கோவைக்கு வெளியே இருந்து வரும் கிளிக் உங்களுக்குப் பயன்படாது. ஊர் பெயரோடு சேர்த்து எழுதுங்கள்.

உதிரிக்கடை:
மாவு கட்டுரைகளை அழிச்சிடாதீங்க. 'கிரைண்டர் சுத்தம்' பக்கத்துல டிரம், பெல்ட் பத்திப் பேசுற வரியிலேயே உதிரிப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்க. அடியில மொத்தமா பேனர் போட்டா யாரும் தொடமாட்டாங்க.

அளக்கிறதுக்கு ஒரு சுலப வழி. வாட்ஸ்அப் லிங்க்ல முன்னாடியே எழுதின செய்தி வைக்கலாம். பெல்ட் பக்கத்துல 'பெல்ட் வேணும், மாடல்:', ஹோட்டல் பக்கத்துல '10 லிட்டர் விலை கேட்கிறேன்'. எந்தப் பக்கத்துல இருந்து ஆர்டர் வந்துச்சுன்னு செய்தியே சொல்லிடும். தளத்துக்கு வர்றவங்களை எண்ணுற கூகுள் அனலிடிக்ஸ் 4-ல வெளி இணைப்புக் கிளிக் தானா பதிவாகும், வாட்ஸ்அப் லிங்க்கும் அதுல வந்துடும். போன் நம்பர் லிங்க் வராது, அதை கூகுள் டேக் மேனேஜர்ல தனியா வைக்கணும்.

மாவுக்கல்:
ஒரு சிக்கல். பெல்ட் பற்றி ஏற்கெனவே 3 கட்டுரைகள் இருக்கின்றன: 'பெல்ட் மாற்றுவது', 'பெல்ட் வகைகள்', 'பெல்ட் விலை'. புதிதாக நான்காவது எழுதவா?

சொல்வலை:
வேண்டாம். சர்ச் கன்சோலில் '2 லிட்டர் கிரைண்டர் பெல்ட்' வினவலைச் சொடுக்கி, பக்கங்கள் தாவலுக்குப் போங்கள். மூன்று முகவரிகளும் அங்கே மாறி மாறித் தெரிந்தால் அவை ஒன்றையொன்று கீழே தள்ளுகின்றன. அதிகக் கிளிக் உள்ள முகவரியை வைத்துக்கொண்டு, வகைகளையும் விலையையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். காலியாகும் முகவரியை 301 என்ற நிரந்தர வழிமாற்றத்தால் அங்கே திருப்புங்கள். முகப்புப் பக்கத்துக்குத் திருப்பவேண்டாம். 'மாற்றுவது எப்படி' மட்டும் தனியாக நிற்கலாம், அந்தத் தேடல் வேறு. முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். பக்கத்தில் விலைக்குப் பக்கத்தில் மட்டும் தேதி போடுங்கள்.

மாவுக்கல்:
பார்த்தேன், இரண்டு முகவரிகள் 14-ஆம் இடத்துக்கும் 19-ஆம் இடத்துக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கின்றன. இன்று இரவே இணைத்துவிடுகிறேன். அடுத்து 10 லிட்டர் பக்கம்.